ஹம்மிங் எங்கிருந்து வருது? கம்ப்யூட்டருக்கு டிஜிட்டல் ஆடியோ அவுட் சேர்த்த கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த நிகழ்ச்சிக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, என் கம்ப்யூட்டர்ல ஆப்டிகல் அவுட் இல்லை. ஆம்ப்ளிஃபயர்ல ஆப்டிகல் இன் இருக்கு. என்ன வாங்கலாம்?" ஒரே வரியில பதில் சொல்லிடலாம்தான். ஆனா நான் இந்த விஷயத்துல ஒரு பெரிய தப்புப் பண்ணினவன். அந்தத் தப்பைச் சொல்லாம எதை வாங்குறதுன்னு மட்டும் சொன்னா, நீங்க தேவையில்லாத ஒண்ணை வாங்கிட்டு வந்து நிப்பீங்க. அதனால கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். போடியில இருந்து தேவாரம் போற ரோட்டுல, சிலமலை தாண்டி வரும். மேற்கே பார்த்தா மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். எங்க ஊர்ப் பக்கத்துப் பொம்பளைங்க விடியுமுன்னே எந்திரிச்சு, தூக்குவாளியில சோத்தைக் கட்டிக்கிட்டு, ஜீப்புல போடிமெட்டு ஏறி வேலைக்குப் போறது இன்னிக்கும் நடக்குது. முன்னாடியெல்லாம் காய் எடுக்கிற சீசன்ல போனா வாரக்கணக்கா அங்கயே லயத்துல தங்கிடுவாங்க. எங்க அம்மாச்சி அப்படித் தங்கினவங்கதான்.

அம்மாச்சி பாடும். வேலை செய்யும்போது பாடும், ராத்திரி லயத்துல உக்காந்து நாலு பேரோட சேர்ந்து பாடும். எங்க தாய்மாமா 92 வாக்குல ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கி, தோட்டத்துக்கே எடுத்துட்டுப் போய் அதையெல்லாம் பதிஞ்சு வச்சிருந்தார். மொத்தம் ஏழு கேசட். பண்ணைப்புரம் எங்களுக்குத் தேவாரம் தாண்டினா வந்துரும். அதனால இளையராஜா பாட்டை நாங்க எல்லாரும் சொந்தக்காரங்க பாட்டு மாதிரித்தான் கேப்போம், பேசுவோம். ஆனா சொந்த வீட்டுப் பாட்டு ஏழு கேசட்டா அட்டைப்பெட்டியில இருந்தது யாருக்கும் ஞாபகமே இல்லை. மாமா இறந்தப்புறம் பரண்ல இருந்து எடுத்தோம். அம்மாச்சி அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு.

மதுரையில இருக்கிற ஒரு நண்பர் கையில பிடிக்கிற சின்ன ரெக்கார்டர் ஒண்ணு கொடுத்தார். அதுவும் செல்லுல ஓடுறது, கேசட் ஓட்டின வாக்மேனும் செல்லுல ஓடுறது. ரெண்டையும் இணைச்சு ஏழு கேசட்டையும் ஃபைலா மாத்தினேன். இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் பண்ணினேன்.

அந்த ஃபைல்களை வீட்டு டெஸ்க்டாப்ல ஏத்தி, பின்னாடி இருக்கிற பச்சை ஜாக்குல இருந்து ஏ.வி. கார்டு போட்டு ஆம்ப்ளிஃபயர்ல கொடுத்துக் கேட்டேன். ஆம்ப்ளிஃபயர் போடியில அசெம்பிள் பண்ணினது. 5200 - 1943 டிரான்சிஸ்டர் போர்டு, முன்னாடி ஒரு டிகோடர் போர்டு. நம்ம ஊர்ல பாதி வீட்டுல இருக்கிற மாதிரிதான். பாட்டு வருது. பாட்டுக்குப் பின்னாடி "ம்ம்ம்ம்"னு ஒரு ஹம்மிங்கும் சேர்ந்து வருது. அம்மாச்சி மூச்சு வாங்க நிறுத்துற இடத்துல எல்லாம் அந்த ம்ம்ம் தான் கேக்குது.

பழைய கேசட், அதனால இரைச்சல் இருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆடாசிட்டியைத் திறந்து 50 ஹெர்ட்ஸ்ல வெட்டினேன். போகலை. 100-ல வெட்டினேன், 150-ல வெட்டினேன். போகலை. கோபம் வந்து 250-க்குக் கீழே இருக்கிற எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சேன். அப்பவும் ஹம்மிங் அப்படியே இருக்கு, பாட்டு மட்டும் பழைய டெலிஃபோன்ல பேசுற மாதிரி ஆயிருச்சு. "கொஞ்சம் பரவாயில்லை"ன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டு, ரெண்டு கேசட்டோட ஃபைலை அதே பேர்லயே சேவ் பண்ணிட்டேன். காப்பி எடுத்து வைக்கலை. இந்த வேலையில ஊறின எவனும் பண்ணாத காரியம் அது.

மூணாவது கேசட்டுக்கு வந்தப்போ சந்தேகம் வந்து, ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்:

"தம்பி, அந்த டேப்பை எங்க வச்சுப் பதிஞ்சாங்க?"

"மலையில, லயத்துலண்ணே."

"அங்க கரண்டு இருந்துச்சா?"

இல்லை. அரிக்கேன் விளக்குதான். டேப்ரெக்கார்டர்ல பெரிய செல் போட்டுத்தான் மாமா பதிஞ்சிருக்கார். 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங்ங்கிறது நம்ம வீட்டுக் கரண்டோட சத்தம். கரண்டே இல்லாத இடத்துல, செல்லுல ஓடின மிஷின்ல பதிஞ்ச பாட்டுக்குள்ள அது எப்படி வரும்? ஃபைலா மாத்தினதும் செல்லுலதான். ஃபைலுக்குள்ள ஹம்மிங் கிடையவே கிடையாது. இல்லாத ஒண்ணை வெட்டுறேன்னு அம்மாச்சி குரலோட அடிப்பக்கத்தை வெட்டி எறிஞ்சிருக்கேன். பொம்பளைங்க குரலோட அடி ஸ்வரமே 200 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் இருக்கும். அதுக்குக் கீழே உலக்கைச் சத்தம், கைத்தட்டு, தகரத்துல விழுற மழை எல்லாம் இருந்திருக்கும்.

அந்த ரெண்டு கேசட்டுல ஒண்ணை மறுபடி ஓட்டி எடுத்துட்டேன். இன்னொண்ணு பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்த டேப். முதல் தடவை எப்படியோ ஓடிருச்சு. ரெண்டாவது தடவை போட்டதும் அறுந்துருச்சு, ஒட்டிப் பார்த்தும் உறிஞ்சு உறிஞ்சு வந்தது. இப்ப எங்கிட்ட இருக்கிறது நான் வெட்டின அந்த டெலிஃபோன் குரல் மட்டும்தான்.

சரி, அப்ப ஹம்மிங் எங்கிருந்து வந்தது? இதை உங்க வீட்டுலயே அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணி, கம்ப்யூட்டர்ல பாட்டு எதுவும் போடாம விடுங்க. ஹம்மிங் இருக்கா? இப்ப ஏ.வி. கார்டைக் கம்ப்யூட்டர் பக்கம் கழட்டி, அதே முனையைச் சார்ஜர் போடாத ஒரு மொபைல்ல குத்துங்க. ஹம்மிங் போயிருச்சுன்னா ஆம்ப்ளிஃபயர் மேல குத்தம் இல்லை, கார்டு மேலயும் குத்தம் இல்லை. கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபயரும் கம்பியால சேர்றதுதான் பிரச்சினை. சார்ஜரை மாட்டினதும் ஹம்மிங் திரும்ப வந்துச்சுன்னா இன்னும் உறுதி. எங்க வீட்டுல அப்படியேதான் நடந்தது.

காரணம் இதுதான். கம்ப்யூட்டரோட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ள, கரண்டு லைனுக்கும் வெளித் தகரத்துக்கும் நடுவுல சின்னச் சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. மிஷினோட இரைச்சலை எர்த்துக்கு அனுப்புறதுக்காக. எர்த் ஒழுங்கா இருந்தா அந்த லீக்கேஜ் எர்த்துக்குப் போயிரும். எர்த் இல்லைன்னா அந்தத் தகரம், லைன் வோல்டேஜ்ல ஏறக்குறைய பாதியில மிதந்துக்கிட்டு நிக்கும். சி.பி.யு. தகரத்தைத் தொட்டா சுருசுருன்னு இருக்குமே, டெஸ்டர் வச்சா மங்கலா எரியுமே, அதுதான். கரண்ட் அளவு ரொம்பக் கம்மி. ஆனா ஏ.வி. கார்டோட வெளிக் கம்பி வழியா ஆம்ப்ளிஃபயருக்குள்ள போறதுக்கு அது போதும். ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டுன்னு நினைச்சுப் பெருக்கித் தள்ளிரும். எங்க வீட்டுல த்ரீ பின் பிளக் பாயின்ட் எல்லாம் அழகா இருந்தது. மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்லை.

எர்த் ரெண்டு பக்கமும் நல்லா இருந்தாலும் வேற மாதிரி வரலாம். கம்ப்யூட்டர் ஒரு பிளக்குல, ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிளக்குல, போதாததுக்கு டி.டி.எச். டிஷ் வயர் வழியா மூணாவது எர்த். இதெல்லாம் ஏ.வி. கார்டு வழியா ஒரு வளையமாச் சேர்ந்துக்கும். வெளி நாட்டுலயும் இதே தலைவலி உண்டு, நம்ம ஊருக்கு மட்டும் உள்ள சாபம் இல்லை.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்லணும். ஹம்மிங் போகணும்னு பிளக்கோட எர்த் பின்னை உடைச்சு விடுற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு. பண்ணாதீங்க. பாட்டு கேக்கிறதுக்காக உசுரைப் பணயம் வைக்க வேண்டாம். நான் முதல்ல பண்ணின வேலை, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் வயர் இழுத்ததுதான். ஹம்மிங் முக்கால்வாசி குறைஞ்சது. முழுசாப் போகலை. டிஷ் வயர் ஒண்ணு ஆம்ப்ளிஃபயர் பக்கம் வருதே.

அப்புறம்தான் டிஜிட்டல் அவுட்டுக்கு வந்தேன். அதுல சிக்கனம் ஒண்ணு இருந்தது. ஆம்ப்ளிஃபயர்ல இருக்கிற டிகோடர் போர்டுல ஆப்டிகல் இன், கோஆக்சியல் இன் ரெண்டும் சும்மாவே கிடந்தது.

ஒரு நிமிஷம், டிஜிட்டல் அவுட்னா என்னன்னு சுருக்கமா. கம்ப்யூட்டருக்குள்ள பாட்டுங்கிறது வெறும் எண்கள். அதை வோல்டேஜா மாத்துறது டி.ஏ.சி. பச்சை ஜாக்குல வரும்போது அந்த மாத்துற வேலை மதர்போர்டுலயே முடிஞ்சிருது. டிஜிட்டல் அவுட்ல எண்களை அப்படியே வெளியே அனுப்பி, மாத்துற வேலையை ஆம்ப்ளிஃபயர் பக்கம் வச்சுக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டு தானா இனிமையாயிரும்னு நினைச்சு வாங்காதீங்க. மட்டமான டிகோடர் போர்டுல போய் மாறினா, மதர்போர்டே தேவலாம்னு ஆகவும் வாய்ப்பு இருக்கு.

1982-ல சி.டி. வந்தது. அடுத்த வருஷமே தோஷிபா கம்பெனி, சி.டி. பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் வெளிச்சத்தால இணைக்கிற டாஸ்லிங்க்கைக் கொண்டுவந்தாங்க. நாம ஆப்டிகல் கேபிள்னு சொல்றது அதுதான். உள்ளே ஒரு மில்லிமீட்டர் தடிமன்ல பிளாஸ்டிக் இழை, அதுல சிவப்பு எல்.இ.டி. வெளிச்சம். அதே எண்களைச் செம்புக் கம்பியில அனுப்பினா கோஆக்சியல், 75 ஓம் வயர். ரெண்டுலயும் ஓடுற மொழி சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கின எஸ்-பி-டிஃப். சத்தத்தைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு கம்பி, ஒண்ணு கம்பி இல்லை. எனக்கு வேண்டியது அந்தக் "கம்பி இல்லை"ங்கிறது மட்டும்தான். பிளாஸ்டிக் வழியா லீக்கேஜ் போகாது.

இப்ப வழிகளுக்கு வருவோம்.

முதல்ல வீட்டுல இருக்கிறதைப் பாருங்க. டெஸ்க்டாப்னா பின்பக்கம் சதுரமா, சின்னக் கதவு வச்ச ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா செலவு கேபிளோட முடிஞ்சது. எனக்கு இல்லை. ஆனா விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ல "ரியல்டெக் டிஜிட்டல் அவுட்புட்"னு காட்டுது! அரை நாள் அந்த ஓட்டையைத் தேடினேன். விஷயம் என்னன்னா, மதர்போர்டுல இருக்கிற சவுண்ட் சிப்புக்கு அந்தத் திறமை இருக்கு, ஆனா கம்பெனிக்காரன் வெளியே ஓட்டை வைக்கலை. சிப் இருக்கிறதால விண்டோஸ் காட்டிக்கிட்டே இருக்கும்.

ஓட்டை இல்லாட்டியும், போர்டு மேல எஸ்-பி-டிஃப் அவுட்னு எழுதி மூணு நாலு பின் நீட்டிக்கிட்டு இருக்கலாம். அதுல மாட்ட தனியா ஒரு பிராக்கெட் விக்கிறாங்க. ரொம்ப மலிவு. நான் ஒண்ணு வரவழைச்சேன். வந்த பிராக்கெட்டோட பின் வரிசை ஒரு மாதிரி, என் போர்டோட வரிசை வேற மாதிரி. ஒரு பின் 5 வோல்ட், ஒரு பின் சிக்னல், ஒரு பின் கிரவுண்ட். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். மாத்திக் குத்தினா 5 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போயிரும். போர்டோட மேனுவலை நெட்ல எடுத்துப் பார்த்து, கனெக்டர்ல இருக்கிற பின்னை ஊசியால எடுத்து மாத்திப் போடத் தெரிஞ்சவங்களுக்கு இதுதான் நல்ல வழி. எனக்குக் கை நடுங்கும். ஏற்கனவே ஒரு கேசட்டைத் தொலைச்சவன், மதர்போர்டையும் தொலைக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.

தனி சவுண்ட் கார்டு. ஒரு காலத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் ஆசையா வாங்கினது. இப்ப இதுக்காக மட்டும் வாங்குறதுல அர்த்தம் இல்லைன்னு நினைக்கிறேன். பழைய கார்டு பி.சி.ஐ. ஸ்லாட் கேக்கும், புது போர்டுல அது இருக்காது. ஸ்லாட் பொருந்தினாலும் புது விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்குமான்னு தேடணும். லேப்டாப்காரங்களுக்குப் பேச்சே இல்லை.

எச்.டி.எம்.ஐ. இதுல சத்தமும் டிஜிட்டலா வருது, எட்டு சேனல் வரைக்கும். ஆம்ப்ளிஃபயர்ல எச்.டி.எம்.ஐ. இன் இருந்தா, 5.1 சினிமா பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. இல்லாதவங்க எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு பெட்டியை நடுவுல வைக்கலாம். படம் மானிட்டருக்குப் போகும், சத்தம் ஆப்டிகல்ல பிரிஞ்சு வரும். நண்பர் வீட்டுல ஒண்ணு மாட்டிப் பார்த்தேன். ரெண்டு தொல்லை. மானிட்டர்ல ஸ்பீக்கர் இல்லைன்னா, "சத்தம் கேக்கிறவன் யாரும் இல்லை"ன்னு நினைச்சு கம்ப்யூட்டர் சத்தத்தையே அனுப்பாம இருக்கும். பெட்டியில 2 சேனல், 5.1 சேனல்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மாத்தி வச்சாத்தான் வரும். ரெண்டாவது, ஸ்க்ரீன் தூங்கினா பாட்டும் தூங்கிரும். பாட்டைப் போட்டுட்டு அடுப்படி வேலை பார்க்கிற எங்க அம்மாவுக்கு அது ஆகாது.

இன்னொண்ணு, எச்.டி.எம்.ஐ. செம்புக் கம்பிதான். ஆம்ப்ளிஃபயருக்கு நேரடியாப் போட்டா கிரவுண்ட் சேர்ந்துரும். எனக்கிருந்த நோய்க்கு அது மருந்து இல்லை. யு.எஸ்.பி. டி.ஏ.சி.யும் அப்படித்தான். அருமையான டி.ஏ.சி. எல்லாம் இருக்கு, ஆனா யு.எஸ்.பி. வயர்லயும் கிரவுண்ட் உண்டு. பெரிய காசு கொடுத்து வாங்கி மாட்டிட்டு, "ஹம்மிங் இன்னும் தெளிவாக் கேக்குதுண்ணே"ன்னு எனக்கே ஒருத்தர் போன் பண்ணினார்.

ப்ளூடூத்? சும்மா பாட்டு கேக்க அது போதும்னு கூச்சமில்லாமச் சொல்றேன். கம்பி இல்லை, ஹம்மிங் இல்லை. ஆனா அதுல சத்தம் சுருக்கப்பட்டுத்தான் போகுது. ஒரு பழைய பதிவுல என்ன இருக்கு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு தீர்மானிக்கிற வேலைக்கு, நடுவுல ஒருத்தர் சுருக்கிக் கொடுக்கக் கூடாது.

கடைசியா நான் வாங்கினது யு.எஸ்.பி.யில இருந்து எஸ்-பி-டிஃப் ஆக்குற சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. ஒரு பக்கம் யு.எஸ்.பி., இன்னொரு பக்கம் ஆப்டிகல், கோஆக்சியல். மாட்டினதும் விண்டோஸே கண்டுக்கிச்சு, டிரைவர் கேக்கலை. வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க. யு.எஸ்.பி. ஆடியோ கிளாஸ் 1, கிளாஸ் 2-ன்னு ரெண்டு வகை உண்டு. கிளாஸ் 1 பெட்டி பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், நிறைய மலிவுப் பெட்டி 48-லயே நின்னுரும். கிளாஸ் 2 பெட்டி 192 வரைக்கும் போகும், ஆனா விண்டோஸ்ல 2017-ல வந்த 1703 வெர்ஷனுக்கு அப்புறம்தான் தனி டிரைவர் இல்லாம ஓடும். லினக்ஸ்காரங்களுக்கு இந்தக் கவலை முன்னாடியே தீர்ந்துருச்சு. நான் 48 பெட்டியையே எடுத்தேன். கேசட்டுல இருக்கிறதுக்கு 48 தாராளம். நம்பர் பெருசா இருக்கேன்னு 192-க்கு அதிகம் கொடுக்க வேண்டாம். மலிவு டிகோடர் போர்டுல சிலது 96 கொடுத்தாலே ஊமையாயிரும்.

பெட்டியில கோஆக்சியலும் இருக்கே, அதை மாட்டினா என்னன்னு கேப்பீங்க. மாட்டிப் பார்த்தேன். ஹம்மிங் திரும்ப வந்தது. டிஜிட்டல் எண்களுக்குள்ள ஹம்மிங் போகாதுதான். ஆனா அந்தக் கம்பி ரெண்டு தகரத்தையும் சேர்த்துருச்சு, ஆம்ப்ளிஃபயரோட அனலாக் பக்கம் அதைப் பிடிச்சுக்கிச்சு. கழட்டி ஆப்டிகல் போட்டேன்.

ஆம்ப்ளிஃபயர்ல ஆப்டிகல் இன் இல்லாதவங்க, ஆப்டிகல்ல இருந்து ஏ.வி. ஆக்குற குட்டிப் பெட்டி ஒண்ணை ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல வச்சுக்கலாம். அதுக்கு 5 வோல்ட் வேணும். அந்த 5 வோல்ட்டைக் கம்ப்யூட்டரோட யு.எஸ்.பி.யில இருந்து எடுத்துடாதீங்க. எடுத்தா, வெளியே அனுப்பின கிரவுண்ட்டைக் கொல்லைப்புறமாக் கூட்டிட்டு வந்த மாதிரி. ஆம்ப்ளிஃபயர் பக்கம் இருக்கிற பிளக்குல ஒரு மொபைல் சார்ஜர் போட்டு எடுங்க.

5.1 கேக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்-பி-டிஃப்ல 48 கிலோஹெர்ட்ஸுக்கு நொடிக்கு சுமார் 30 லட்சம் பிட்தான் ஓடும். ரெண்டு சேனலுக்கு அது சரி. ஆறு சேனலைச் சுருக்காம அனுப்ப இடம் பத்தாது. டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். மாதிரி ஏற்கனவே சுருக்கின டிராக் இருக்கிற சினிமா ஃபைல்னா, பிளேயர்ல பாஸ்த்ரூ போட்டு அப்படியே அனுப்பலாம், டிகோடர் போர்டு பிரிச்சுக்கும். பெட்டி அதை அனுமதிக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. கேம், யூடியூப் எல்லாம் ஆப்டிகல்ல ரெண்டு சேனலாத்தான் வரும்.

மாட்டுறப்போ நடக்கிற கூத்து ரெண்டு. ஆப்டிகல் கேபிள் முனையில கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும், தெரியவே தெரியாது. அதோட குத்தி, "சத்தமே வரலை"ன்னு பெட்டியைத் திருப்பி அனுப்பினவங்க உண்டு. சந்தேகம் வந்தா கேபிளோட மறுமுனையை உள்ளங்கையில காட்டுங்க, சிவப்புப் புள்ளி விழணும். விழுந்தா கம்ப்யூட்டர் பக்கம் சரி. அடுத்தது, அந்த இழையை மடக்கி ஆணியில சுத்தித் தொங்க விடாதீங்க. அஞ்சு மீட்டருக்குள்ள வச்சுக்கிட்டா நிம்மதி. எங்க வீட்டுல எலி ஒரு கேபிளைக் கடிச்சுப் பார்த்துட்டுப் போயிருக்கு. செம்புக் கம்பின்னா இன்சுலேஷன் டேப் சுத்தலாம், இதுக்கு அது நடக்காது.

அப்புறம் விண்டோஸ்ல அந்த அவுட்டோட ப்ராப்பர்ட்டிஸ்ல போய், உங்க ஃபைல் என்ன ரேட்டோ அதையே வைங்க. சி.டி.யில இருந்து எடுத்ததுன்னா 44.1, என் ஃபைல் மாதிரின்னா 48. வைக்கலைன்னாலும் பாட்டு வரும், விண்டோஸ் தானா மாத்தி அனுப்பும். சாதாரணமாக் கேக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபைலைத் திருத்துறவங்க மட்டும் கவனிச்சா போதும்.

மலையோரத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. சித்திரை மழையும் ஐப்பசி மழையும் இங்க இடியோடதான் வரும். கேபிள் வயர் வழியா வந்த இடி, டி.வி.யில நுழைஞ்சு, ஏ.வி. கார்டு வழியா அடுத்த பெட்டிக்குப் போய் ரெண்டையும் சாப்பிட்ட கதை எங்க தெருவுலயே உண்டு. ஆப்டிகல் இழை வழியா அது போகாது. அதுக்காகப் பிளக்கைப் பிடுங்காம இருந்துடாதீங்க, கரண்டு லைன் வழியா வர்றதுக்கு இழை என்ன பண்ணும்?

எல்லாம் மாட்டி முடிச்ச அன்னிக்கு, தொடாம வச்சிருந்த மூணாவது கேசட்டோட ஃபைலைப் போட்டேன். ஹம்மிங் இல்லை. டேப்போட "ஷ்ஷ்" மட்டும் இருந்தது, அது பதிவோட சொந்தச் சத்தம், அதை நான் தொடப்போறதில்லை. அம்மா அடுப்படியில இருந்து வந்து வாசப்படியில நின்னுச்சு. அம்மாச்சி ஒரு அடி பாடி நிறுத்துற இடத்துல, முன்னாடி ம்ம்ம்னு கேட்ட அதே இடத்துல, தூரத்துல யாரோ இருமுறாங்க.

"ஏய், அதை இன்னொருக்கப் போடு"ன்னுச்சு அம்மா. போட்டேன். "அது எங்க பெரியம்மாடா. தோட்டத்துக்குப் போனா அதுக்கு எப்பவும் அந்த இருமல்தான்."

அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு போட்டோகூட வீட்டுல கிடையாது.

மதர்போர்டு பின் வரிசையை எப்படிப் பார்க்கிறது, பிராக்கெட் கனெக்டர்ல பின்னை எப்படி மாத்துறதுன்னு கை நடுங்காத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து அடுத்த எபிசோடுல பேச வைக்கிறேன். அதுவரைக்கும், உங்ககிட்ட பழைய கேசட் ஃபைல் இருந்தா, எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஒரு காப்பி எடுத்து வேற பேர்ல வச்சிடுங்க.